ஸ்கான் படத்தை வாசிப்பது எப்படி? உடம்புக்குள் செல் துண்டோடு வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், பருத்தித்துறைக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார். கையில் எக்ஸ்றே படங்கள் வைக்கும் பெரிய உறை. வைத்தியசேவையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகியும் இந்த உறைகள் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை.

"ஐயா, தம்பிக்கு நாரி நோ. எம்.ஆர்.ஐ. எடுக்கத் திகதி தந்திருக்கினம். இந்தப் போமிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உடலில் உலோகப் பொருள், சன்னம், வெடிச் சிதறல் ஏதும் உண்டா? தம்பி ஏற்கனவே 'இல்லை' என்று அடையாளமிட்டிருந்தார். அந்தக் குடும்பம் 2009இல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன்.

"தம்பிக்குக் காயம் ஒண்டும் படேல்லையோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "பட்டது ஐயா. முதுகிலை ரெண்டு பீஸ் இன்னும் கிடக்கு. ஆனா அதை எழுதினா..."

அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. வீதிச் சோதனைகளில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். காயத்தை மறைப்பது உயிரைக் காப்பதாக இருந்த காலம் அது. ஆனால் ஸ்கான் அறையில் அதே மறைப்பு உயிருக்கு ஆபத்தாகலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், படம் வாசிப்பது என்றால் என்ன, அதை நாங்கள் எப்படிக் கற்றோம் என்பதைச் சொல்ல வேண்டும். அது விளங்கினால்தான், அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் விளங்கும்.

நான் கதிரியல் நிபுணர் அல்ல. வாட்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் வேலை செய்த சாதாரண வைத்தியன். நிபுணர் இல்லாத இடங்களிலும் காலங்களிலும் படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் கற்றுக்கொண்டவன்.

படம் என்பது ஒரு நிழல்

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியில் வில்ஹெல்ம் றொஞ்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் விரலிலிருந்த மோதிரமும் அதில் தெரிந்தன. அந்தப் படத்தில் இருந்த பாடம் இன்றைக்கும் மாறவில்லை. உடம்பின் ஒவ்வொரு பொருளும் கதிரை வெவ்வேறு அளவில் தடுக்கிறது. எக்ஸ்றேயில் நாங்கள் காண்பது அடிப்படையில் ஐந்து நிறங்கள். காற்று கறுப்பு. கொழுப்பு கடுஞ்சாம்பல். தசையும் இரத்தமும் நீரும் சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் எல்லாவற்றிலும் பளிச்சென்ற வெள்ளை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்புக்கு முன், பின் என்று ஆழம் இருக்கிறது. படத்துக்கு ஆழம் இல்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த நிழல். ஒரு முறை ஒரு பெடியனின் மார்பு எக்ஸ்றேயில் செல் துண்டு இதயத்தின் நடுவில் கிடப்பதுபோலத் தெரிந்தது. தாய் அழத் தொடங்கிவிட்டார். பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தபோது துண்டு முதுகுத் தசையில், தோலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு திசைப் படத்தை மட்டும் வைத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது அன்று முதல் எனக்குச் சட்டம்.

எக்ஸ்றேயில் தெரியாத பொருட்களும் உண்டு. பனஞ்சிலாம்பு, முள், மரத்துண்டு போன்றவை பெரும்பாலும் அதில் தெரியாது. குத்தின காயம் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டிருந்தால், எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. அவ்வாறான வேளைகளில் அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் உதவும்.

ஆழம் இல்லாத குறையைத் தீர்த்தது சி.ரி. ஸ்கான். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய கருவியில் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி விம்பிள்டனில் உள்ள ஒரு வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் அலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சி.ரி. உடம்பைப் பாண் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகக் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. நீர் 0. காற்று கழித்தல் 1000. கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100. புதிதாக உறைந்த இரத்தம் 60 முதல் 80 வரை. எலும்பு பல நூறிலிருந்து 1000க்கு மேல். தலையில் அடிபட்டவரின் மூளைக்குள் வெள்ளையாகத் தெரிவது இரத்தமா வேறு ஏதுமா என்று ஊகிக்க இந்த எண்கள் உதவுகின்றன.

கேஸ் டிஸ்கஷன் என்ற பள்ளிக்கூடம்

நிறமும் எண்ணும் புத்தகத்தில் படிக்கலாம். வாசிப்பு புத்தகத்தில் வராது. அது கலந்துரையாடலில்தான் வரும். வைத்தியர்கள் அதைக் கேஸ் டிஸ்கஷன் என்பார்கள்.

1990க்குப் பிறகு பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நான் வேலை செய்த வைத்தியசாலையில் ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில்தான் எக்ஸ்றே. படம் பார்க்கும் வெளிச்சப் பெட்டி வேலை செய்யாத நாட்களில் யன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்துப் பார்ப்போம். கிழமைக்கு ஒரு முறை மூத்த வைத்தியர் ஒருவர் எங்களைக் கூட்டிவைத்துக்கொண்டு படங்களைப் பார்ப்பார். நாலைந்து இளம் வைத்தியர்கள், ஒரு கதிர்ப்படப்பிடிப்பாளர், சில வேளை தாதியர்கள்.

முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் நோயாளியைப் பற்றி ஒரு வசனம். எத்தனை வயது, என்ன வருத்தம், எத்தனை நாள். பிறகு படம். ஒருவர் எழும்பி நின்று, காண்பதை மட்டும் சொல்ல வேண்டும். வருத்தத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. 'நிமோனியா' என்று யாராவது தொடங்கினால் மூத்தவர் கையை உயர்த்துவார். "அது உம்முடைய முடிவு. நீர் கண்டது என்ன?" என்பார். 'வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக ஒரு படர்வு, அதன் விளிம்பு தெளிவில்லை, இதயத்தின் வலது ஓரம் தெரிகிறது' என்று சொன்னால்தான் விடுவார். அதன்பிறகு அது என்னவாக இருக்கலாம் என்று மூன்று நான்கு சாத்தியங்கள். அவற்றைப் பிரித்தறிய அடுத்து என்ன சோதனை. கடைசியில்தான் நோயாளிக்கு உண்மையில் என்ன நடந்தது என்று சொல்வார்.

இந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் பெரியது. வாட்டில் தனியாகப் படம் பார்க்கும் வைத்தியருக்குத் தான் சொன்னது சரியா பிழையா என்று பல வேளைகளில் தெரியவே வராது. நோயாளி வேறு இடம் போய்விடுவார். இடப்பெயர்வுக் காலத்தில் அது இன்னும் மோசம். முடிவு தெரியாமல் ஆயிரம் படம் பார்த்தாலும் பிழை திருந்தாது. முடிவோடு நூறு படம் பார்த்தால் கண் பழகும்.

பொஸ்டனில் உள்ள மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலை நூறு வருடமாக நோயாளர் விபரங்களை இப்படிக் கலந்துரையாடலாகவே வெளியிட்டுவருகிறது. 2005இல் அவுஸ்திரேலியாவின் கதிரியல் நிபுணர் பிராங் கெய்லார்ட் தொடங்கிய ரேடியோபீடியா இன்று உலகெங்குமிருந்து வந்த படங்களையும் அவற்றின் விளக்கத்தையும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. எங்களுக்கு யன்னல் வெளிச்சத்தில் கிடைத்தது இன்றைய மாணவருக்குத் திரையில் கிடைக்கிறது. முறை ஒன்றுதான்.

நான் விட்ட பிழை

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதற்கு அடுத்த வருடம், இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் இருந்த ஒருவர் இருமலோடு என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்திருந்தார். பழைய செல் காயம். எக்ஸ்றே எடுத்தோம். வலது நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மூன்று துண்டுகள் பளிச்சென்று தெரிந்தன. 'பழைய செல் துண்டுகள்' என்று எழுதி, இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவர் இரத்தமாகச் சளி துப்பிக்கொண்டு வந்தார். அடுத்த கலந்துரையாடலில் மூத்தவர் அவருடைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யார் முதலில் பார்த்தது என்று சொல்லவில்லை. பழைய படத்தை விவரிக்கும்படி கேட்டார். முதலில் எழும்பிய இளம் வைத்தியர் மூன்று துண்டுகளையும் சொன்னார். "வேறை?" என்றார் மூத்தவர். இரண்டாமவரும் துண்டுகளையே சொன்னார். "வேறை?" மூன்றாவது ஆள்தான் இடது காறை எலும்புக்குப் பின்னால் நுரையீரலின் உச்சியில் இருந்த மெல்லிய நிழலைக் கண்டார். காசநோய். மூன்று மாதத்துக்கு முன்னரே அது படத்தில் இருந்தது.

அவர் சிகிச்சை பெற்றுக் குணமானார். ஆனால் அந்த மூன்று மாதமும் ஒரே பாயில் படுத்த அவருடைய சின்ன மகளுக்கும் தொற்றியிருந்தது. பிள்ளையும் பிறகு சுகமானது. இன்றைக்கும் ஒரு மார்பு எக்ஸ்றேயைப் பார்க்கும்போது என் கண் முதலில் காறை எலும்புக்குப் பின்னால்தான் போகும்.

இந்தப் பிழைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் மனம் திருப்தியடைந்து தேடுவதை நிறுத்திவிடுகிறது. தேடல் திருப்தி என்று சொல்லலாம். போர் நடந்த மண்ணில் இது இன்னும் ஆபத்து. செல் துண்டு படத்தில் எல்லாவற்றையும்விட வெள்ளையாகத் தெரியும். கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் புதிய வருத்தம் மங்கலாக நிற்கும்.

இது அனுபவம் இல்லாதவர்களின் பிழை மட்டுமல்ல. 1949இல் அமெரிக்காவில் ஹென்றி கார்லண்ட் என்ற கதிரியல் நிபுணர், நோயுள்ள மார்புப் படங்களில் ஏறத்தாழ 30 வீதத்தை அனுபவமுள்ள வாசிப்பாளர்களே தவறவிடுகிறார்கள் என்று காட்டினார். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 கதிரியல் நிபுணர்களிடம் நுரையீரல் சி.ரி. படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகிவைத்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. அவர்கள் கட்டியைத் தேடினார்கள், கொரில்லாவைத் தேடவில்லை. கண் தேடுவதைத்தான் காணும்.

அதனால்தான் இரண்டு விடயங்கள் தேவை. ஒன்று ஒழுங்கு. மார்புப் படமென்றால் பெயர், திகதி, இடது வலது அடையாளம், மூச்சுக்குழாய், எலும்புகள், இதயம், உதரவிதானம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் ஒளிந்திருக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். அவை காறை எலும்புக்குப் பின், இதயத்துக்குப் பின், உதரவிதானத்துக்குக் கீழ். எதைக் கண்டாலும் நடுவில் நிறுத்தக்கூடாது.

மற்றது கதை. படம் வாசிப்பவருக்கு நோயாளியின் கதை தெரிய வேண்டும். 'மார்பு எக்ஸ்றே' என்று மட்டும் எழுதி அனுப்பிய துண்டுக்கும், 'இரண்டு மாத இருமல், இரவில் வியர்வை, மெலிவு, பழைய செல் காயம்' என்று எழுதி அனுப்பிய துண்டுக்கும் கிடைக்கும் வாசிப்பு ஒன்றல்ல. நான் எழுதிய துண்டில் அந்த ஒரு வசனம் இருந்திருந்தால், என் கையிலிருந்து தப்பியதை இன்னொருவர் பிடித்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குப் போகுமுன்

எக்ஸ்றேயிலும் சி.ரி.யிலும் உடம்புக்குள் இருக்கும் உலோகத்தால் ஆபத்து இல்லை. சி.ரி.யில் அது வெள்ளைக் கீற்றுக்களை வீசி அக்கம்பக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. வேறு. அது கதிர் அல்ல, காந்தம். பொதுவாகப் பாவனையில் உள்ள 1.5 ரெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. செல் துண்டுகளில் பெரும்பாலானவை உருக்கு. காந்தம் அதை இழுக்கலாம், திருப்பலாம், சூடாக்கலாம். துப்பாக்கிச் சன்னங்களில் ஈயமும் செம்பும் மட்டுமே உள்ளவையும் உண்டு, உருக்கு உறையோ உருக்கு உள்ளீடோ கொண்டவையும் உண்டு. வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

வருடக்கணக்காகத் தசைக்குள் கிடக்கும் துண்டைச் சுற்றி உடம்பு இறுக்கமான நார்த் திசுவை உருவாக்கிவிடும். அவ்வாறான துண்டு பெரும்பாலும் அசையாது. கண், மூளை, முள்ளந்தண்டு வடம், பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. கண்ணுக்குள் சிறு உலோகத் துண்டு இருந்த ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுத்தபின் அந்தக் கண்ணின் பார்வையை இழந்த சம்பவம் 1986இல் மருத்துவ இதழில் பதிவானது.

ஆகவே துண்டு இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. முற்றாகக் கூடாது என்பதல்ல. துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எத்தனை என்பதை முதலில் எக்ஸ்றேயிலோ சி.ரி.யிலோ பார்த்துவிட்டு, கதிரியல் நிபுணர் முடிவெடுப்பார். அந்த முடிவை எடுக்க அவருக்கு நீங்கள் உண்மை சொல்ல வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும்? 'உடம்பில் உலோகத் துண்டு உண்டு. இன்ன இடத்தில், தெரிந்தவரை இத்தனை.' இவ்வளவும் போதும். எங்கே பட்டது, எப்படிப் பட்டது, அப்போது நீங்கள் யாராக இருந்தீர்கள் என்பதை அந்தப் படிவத்தில் எழுதத் தேவையில்லை. துண்டு ஆருடையது என்பது காந்தத்துக்கு முக்கியமில்லை. எழுதவே பயமாக இருந்தால் கதிர்ப்படப்பிடிப்பாளரிடமோ வைத்தியரிடமோ தனியாக வாயால் சொல்லுங்கள். நோயாளி சொன்னதைக் காப்பது வைத்தியரின் கடமை.

எலும்புக்குள் வைத்த தகடு, ஆணி, இதயமுடுக்கி, கண்ணில் அல்லது காதில் செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். பொய்க்கால், பொய்க்கை வெளியில் கழற்றிவைக்கப்பட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் எந்த ஸ்கானுக்கும் எக்ஸ்றேக்கும் முன் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எம்.ஆர்.ஐ. கருவி ஒடுங்கிய குழாய். உள்ளே படுத்திருக்கும்போது தொடர்ச்சியாகப் படபடவென்று அடிக்கும் சத்தம் வரும். பங்கருக்குள் இருந்து செல் சத்தம் கேட்டவர்கள் சிலருக்கு அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் திரும்பிவந்துவிடும். அலறிக்கொண்டு வெளியே வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. முன்கூட்டியே சொல்லுங்கள். காதை மூடத் தருவார்கள். கையில் ஓர் அழைப்புப் பந்து தருவார்கள். அதை அமத்தினால் நிறுத்துவார்கள். படம் எடுக்க எவ்வளவு நேரமாகும், சத்தம் எப்படியிருக்கும் என்று முதலே கேட்டு அறிந்துகொண்டு போனால் பாதிப் பயம் குறையும்.

துண்டு மூட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈயச் சன்னம் முழங்கால், இடுப்பு போன்ற மூட்டு நீருக்குள் கிடந்தால் வருடங்கள் போகப்போக ஈயம் கரைந்து இரத்தத்தில் சேரலாம். காரணம் தெரியாத வயிற்றுநோ, இரத்தச்சோகை, கைகால் பலவீனம் இருந்தால் துண்டைப் பற்றி வைத்தியரிடம் நினைவூட்டுங்கள்.

பழைய படத்தை எறியாதீர்கள்

கலந்துரையாடல்களில் எங்கள் மூத்தவர் அடிக்கடி கேட்ட இன்னொரு கேள்வி, "பழைய படம் எங்கை?" இன்றைய படத்தில் தெரியும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இரண்டு வருடத்துக்கு முன்னும் அதே அளவில் இருந்திருந்தால் பயம் பெரும்பாலும் இல்லை. புதிதாக வந்திருந்தாலோ வளர்ந்திருந்தாலோ உடனே பார்க்க வேண்டும். எத்தனையோ இடப்பெயர்வுகளில் எங்கள் சனம் வீட்டுப் பத்திரத்தோடு எக்ஸ்றேயையும் இழந்தது. இனி எடுப்பவற்றையாவது வைத்திருங்கள். பிலிமை மடிக்காமல், ஈரமும் வெக்கையும் படாமல் வைக்கவும். சி.ரி., எம்.ஆர்.ஐ. என்றால் இறுவட்டு கேட்டு வாங்குங்கள். உறையின் வெளியே எடுத்த திகதியையும் எந்த உறுப்பு என்பதையும் எழுதிவையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரான வைத்தியருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது இப்போது வழக்கம். பிலிமை யன்னலில் வைத்துப் போனால் எடுத்த படத்தில் மெல்லிய நிழல்கள் போய்விடும். ஒரு சி.ரி.யில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும். பிலிமில் இருப்பது அவற்றில் சில. அனுப்புவதென்றால் இறுவட்டில் உள்ள முழுக் கோப்பையும் எழுத்து அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். பெயரும் அடையாள இலக்கமும் தெரியும் படத்தைக் குழுக்களில் போடாதீர்கள்.

அறிக்கையில் வரும் சொற்கள்

மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேற்கத்தைய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். 1872இல் வெளிவந்த அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' உடற்கூற்றியலைத் தமிழில் சொன்னது. நூற்றைம்பது வருடம் கடந்தும் எங்கள் ஸ்கான் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதனால் ஆட்கள் அதிகம் பயப்படும் சில சொற்களை இங்கே தருகிறேன்.

ஒபாசிட்டி, ஷடோ: படத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி. சளி, நீர், தழும்பு, கட்டி எதுவாகவும் இருக்கலாம். புற்றுநோய் என்று பொருளல்ல.

லீசன்: வழமைக்கு மாறான ஓர் இடம். கெட்டதா நல்லதா என்று இந்தச் சொல் சொல்லவில்லை.

கல்சிபிகேஷன்: சுண்ணாம்புப் படிவு. பல வேளைகளில் ஆறிய பழைய வருத்தத்தின் அடையாளம்.

எபியூஷன்: நீர் சேர்ந்திருப்பது. நுரையீரலைச் சுற்றி, மூட்டுக்குள் என்று இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

மெற்றாலிக் பொறின் பொடி: வெளியிலிருந்து வந்த உலோகப் பொருள். செல் துண்டும் சன்னமும் இதில் அடங்கும்.

ஆர்ட்டிபக்ட்: கருவியாலோ உலோகத்தாலோ அசைவாலோ படத்தில் வந்த குழப்பம். வருத்தம் அல்ல.

இம்ப்ரெஷன்: முடிவுரை. அறிக்கையில் முதலில் வாசிக்க வேண்டியது இதைத்தான்.

கிளினிக்கல் கோரிலேஷன்: படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நோயாளியைப் பரிசோதித்துச் சேர்த்துப் பாருங்கள் என்று படம் வாசித்தவர் வைத்தியருக்குச் சொல்வது. அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும்.

கதிரைப் பற்றியும் கேட்பார்கள். இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு வருடத்தில் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர் கிடைக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்றேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவேட்டுக்கு மேற்படாது. வயிற்றுக்கு ஒரு சி.ரி. என்றால் ஏறத்தாழ 8 முதல் 10 வரை. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ரா சவுண்டிலும் இந்தக் கதிர் இல்லை. தேவைக்கு எடுத்த சி.ரி.க்குப் பயப்படத் தேவையில்லை. 'எதுக்கும் ஒருக்கா எடுத்துப் பாப்பம்' என்று கேட்டு எடுக்கவும் கூடாது.

அந்த அம்மாவின் தம்பி பிறகு என்னவானார் என்று கேட்பீர்கள். படிவத்தில் 'ஆம்' என்று மாற்றி, 'முதுகில் இரண்டு உலோகத் துண்டு' என்று எழுதிக்கொண்டு போனார். யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. முதலில் முன்னும் பக்கவாட்டுமாக இரண்டு எக்ஸ்றே எடுத்தார்கள். துண்டுகள் இரண்டல்ல, நான்கு. அதில் ஒன்று முள்ளந்தண்டு வடம் செல்லும் பாதைக்கு மிக அருகில். நிபுணர் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று முடிவெடுத்து சி.ரி. எடுப்பித்தார். நோவுக்குக் காரணம் செல் துண்டு அல்ல, தேய்ந்த நாரி எலும்பு. இப்போது பயிற்சி செய்கிறார், வள்ளத்துக்கும் போகிறார்.

அக்கா போன கிழமை மீண்டும் வந்தார், இந்த முறை தன்னுடைய கைநோவுக்கு. தம்பியின் உறையையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதன் வெளிப்பக்கத்தில் திகதிக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில், 'உடம்பில் நாலு உலோகத் துண்டு உண்டு' என்று எழுதியிருந்தது. மருமகளைக் கொண்டு எழுதுவித்ததாம்.